பிறவியா? பயிற்சியா? – மாரத்தான் ஓட்டத்தின் வரலாறு கூறும் விடை

"அவனவன் பிறப்புக்குத் தக்கபடியே அறிவும் ஆற்றலும் அமையும்" என்னும் பழஞ்சொல் நம்மிடையே இன்னும் சாகவில்லை. சாதியின் பெயரால் இதனைக் கூறுவோர் இன்று சற்றுத் தயங்கிக் கூறுகின்றனர், ஆயினும் கூறாதிருக்கவில்லை. "தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, அஃது அவன் இரத்தத்திலேயே இல்லை" என்று கற்றறிந்த கனவான் ஒருவர் சொல்ல, யான் என் காதாரக் கேட்டதுண்டு. அவருக்கு அன்று விடைகூற நாவெழவில்லை. பின்னர் விடை தேடியபோது, அது சற்றும் எதிர்பாராத ஓரிடத்திலே கிடைத்தது. தத்துவ நூல்களிலன்று, அரசியல் நூல்களிலுமன்று. ஓட்டப் பந்தயத்தின் வரலாற்றில் அவ்விடை இருந்தது.

இரத்தம், இரத்தம் என்று வாய் ஓயாது பேசுவோர் பலர். அவ்விரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து அணு அணுவாக எண்ணிப் பார்த்தவர்கள் என்ன கண்டனர்? ஓட்டக்காரனின் கால்களை நாழிகை வட்டிலோடு சேர்த்து அளந்தவர்கள் என்ன கண்டனர்? இவ்விரு கேள்விகளுக்கும் விடையாக அமைந்ததே மாரத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டத்தின் கதை.

தண்ணீரும் இல்லாப் பந்தயம்

மாரத்தான் பந்தயத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அதாவது 26 மைலும் 385 கெஜமும் ஆகும். 1896-இல் ஏதென்ஸ் நகரில் புத்துயிர் பெற்ற ஒலிம்பிக் விழாவில் முதன்முதல் இப்பந்தயம் நடந்தபோது தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டராகவே இருந்தது. ஏதென்ஸுக்குத் தண்ணீர் கொண்டுசென்று விற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஸ்பிரிடோன் லூயிஸ் என்னும் கிரேக்க இளைஞர், 2 மணி 58 நிமிடம் 50 வினாடியில் ஓடி வெற்றி பெற்றார். இன்றுள்ள தூரம் 1908-ஆம் ஆண்டு லண்டன் விழாவில் ஓடப்பெற்று, 1921-இல் நிலையாக வகுக்கப்பெற்றது.

அந்நாளில் பயிற்சி என்பது பெரும்பாலும் குருட்டு வழக்கமே. 1904-இல் அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த பந்தயத்தைப் பார்மின். கடும் வெயில், புழுதி படிந்த சாலை, வழியில் தண்ணீர் கிடைத்தது ஒரு கிணற்றடியில் மட்டுமே. தண்ணீரின்றி ஓடினால் மனிதவுடல் யாதாகும் என்று காணவே பந்தயத்தை நடத்தியோர் இவ்வாறு ஏற்பாடு செய்தனர். ஓடத் தொடங்கியவர் 32 பேர். முடித்தவர் 14 பேர். வெற்றி பெற்ற தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு வழியிலே எட்டி விஷமும் முட்டை வெண்கருவும் பிராந்தியும் புகட்டி, இருபுறமும் தாங்கிப் பிடித்து எல்லைக்குக் கொண்டுசென்றனர்.

அவ்வாண்டு அந்நகரிலேயே மற்றொன்றும் நடந்தது. உலகக் கண்காட்சியில் வேடிக்கைப் பொருளாகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்த ஆப்பிரிக்கர், பிலிப்பைன் தீவினர், செவ்விந்தியர் முதலிய மக்களை, முன்பயிற்சி எதுவுமின்றி, விதிகளையும் சரிவர விளக்காமல், ஓட்டத்திலும் குண்டெறிதலிலும் இறக்கிவிட்டனர். அவர்கள் பின்தங்கவே, "நாகரிகமற்ற இனத்தாரின் உடலாற்றல் குறைவு என்பது மெய்ப்பிக்கப்பட்டது" என்று எழுதினர். ஒருவனுக்குப் பாடத்தைக் கற்பிக்காமலே தேர்வு வைத்து, தோற்றபின் அவன் குலத்தைப் பழிக்கும் இம்முறை நமக்குப் புதியதன்று!

ஆயினும் அதே மாதத்தில் நடந்த மாரத்தான் பந்தயத்திலே, கண்காட்சியில் வேலைக்கு வந்திருந்த தென்னாப்பிரிக்கக் கறுப்பர் இருவர் ஓடினர். லென் தாவ்யானே ஒன்பதாவதாகவும், யான் மஷியானி பன்னிரண்டாவதாகவும் வந்தனர். வெள்ளையர் பலர் வீழ்ந்து கிடந்த சாலையை அவ்விருவரும் ஓடி முடித்தனர். அவர்களைப்பற்றி எந்தச் சாஸ்திரியும் அன்று நூல் எழுதவில்லை.

வேகத்தைத் துண்டு துண்டாக்கிய அறிவு

நெடுந்தூரம் ஓட வேண்டுமாயின் நெடுந்தூரம் மெதுவாக ஓடிப் பழக வேண்டும் என்பது பழைய எண்ணம். இதனை மாற்றியவர்கள், கண்ணால் கண்டதை அளந்து பார்த்தவர்கள்.

1930-ஆம் ஆண்டுகளில் சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் கெஸ்டா ஹோல்மர், காட்டுப் பாதையில் சிறிது தூரம் விரைந்தும் சிறிது தூரம் தளர்ந்தும் மாறிமாறி ஓடும் முறையை வகுத்தார். அதற்கு அந்நாட்டு மொழியில் 'ஃபார்ட்லெக்' என்று பெயர். 'வேக விளையாட்டு' என்பது அதன் பொருள். அக்காலத்திலேயே ஜெர்மனியில் வால்டெமர் கெர்ஷ்லர் என்னும் பயிற்சியாளரும், ஹெர்பெர்ட் ரைண்டெல் என்னும் இருதய மருத்துவரும் ஒன்றுகூடி ஆராய்ந்தனர். குறுகிய தூரத்தை விரைந்து ஓடச் செய்து நாடித் துடிப்பை நிமிடத்திற்கு 180 அளவுக்கு ஏற்றுவர். பின் இளைப்பாற விடுவர். துடிப்பு 120-க்கு இறங்கியதும் மீண்டும் ஓடச் செய்வர். ஒன்றரை நிமிடத்திற்குள் அவ்வாறு இறங்கவில்லையெனில், ஓட்டம் அளவு கடந்ததென்று கொள்வர். ஓடுங்காலத்தைப் போலவே இளைப்பாறும் இடைவேளையிலும் இருதயம் வலுப்பெறுகிறது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே இதற்கு இடைவேளைப் பயிற்சி என்று பெயராயிற்று. இம்முறையிற் பழகிய ரூடால்ஃப் ஹார்பிக், 1939-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடி உலகை வியக்கச் செய்தார்.

இதனை எல்லை கடந்து செய்தவர் எமில் சாட்டோபெக் என்னும் செக் நாட்டார். தச்சரின் மகனாகிய அவர், பதினாறாம் வயதில் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். தொழிற்சாலையார் கட்டாயப்படுத்தியதன் பேரிலேயே 1941-இல் முதற்பந்தயம் ஓடினார். பின்னர் 400 மீட்டர் தூரத்தை விரைந்தோடுவதும், சிறிது தளர்ந்தோடுவதும், மீண்டும் விரைவதுமாக, ஒரே நாளில் நாற்பது, அறுபது முறை ஓடலானார். இராணுவ பூட்ஸ் அணிந்து பனியிலும் ஓடினார். மெதுவாக ஓடுவது எப்படியென்று தமக்கு முன்பே தெரியுமென்றும், விரைந்து ஓடுவதையே கற்க வேண்டியிருக்கிறதென்றும் அவர் கூறுவார். முகத்தைச் சுளித்து, தலையை ஆட்டி, வேதனைப்படுபவர்போல் ஓடிய அவரைப் பார்த்து நகைத்தவர் பலர். 1952-இல் ஹெல்சிங்கி நகரில் 5000 மீட்டர், 10000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் எட்டு நாட்களுக்குள் அவர் பொற்பதக்கம் பெற்றார். மாரத்தான் அவர் வாழ்நாளில் அதற்குமுன் ஒருமுறையேனும் ஓடாத பந்தயம்!

நியூசிலாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட், தம் உடலையே சோதனைச்சாலையாக்கி மற்றோர் உண்மையைக் கண்டார். வேகப் பயிற்சி கூரை போன்றது. அதற்கு அடித்தளம் வேண்டும். முதலிற் பல வாரங்கள், வாரம் 100 மைல் வீதம், மூச்சு வாங்காத வேகத்தில் ஓடவேண்டும். பின் குன்றேறி ஓடவேண்டும். அதன் பின்னரே வேகப் பயிற்சி. அவர் தம் சுற்றுப்புறத்து இளைஞர்களையே இவ்வாறு பழக்கினார். 1960-இல் ரோம் விழாவிலே அவர்களுள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், ஒரு கை சூம்பிய மர்ரி ஹால்பர்க் 5000 மீட்டரிலும் பொற்பதக்கம் பெற்றனர். பாரி மகீ மாரத்தானில் மூன்றாவதாக வந்தார். ஒரு நகரின் சில தெருக்களிலிருந்து இத்தனை வீரர் தோன்றியதற்குப் பிறப்புக் காரணமா? அத்தெருக்களில் ஒரு லிடியார்ட் இருந்ததே காரணம்.

மலைக்காற்றும் இரத்த அணுவும்

நிற்க. வேகத்தை விட்டு இனி உயரத்திற்கு வருவோம்.

காற்றில் பிராணவாயுவின் பங்கு நூற்றுக்கு 21. கடற்கரையிலும் மலையுச்சியிலும் இப்பங்கு ஒன்றே. ஆனால் உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆகவே ஒருமுறை மூச்சிழுத்தால் நெஞ்சுக்குள் வரும் பிராணவாயுவும் குறைகிறது. மலைநோய்க்கு இதுவே காரணமென்று பிரெஞ்சு அறிஞர் பால் பேர் 1878-இல் வெளியிட்ட பெருநூலில் நிறுவினார். அதுவரை மலையேறினவர்க்கு நேர்ந்த மயக்கத்தைப் பேய் என்றும், நச்சுக்காற்று என்றும் மக்கள் கூறிவந்தனர்.

மற்றொரு பிரெஞ்சு அறிஞராகிய வியோல், பெரு நாட்டில் 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள மொரோகோச்சா என்னும் சுரங்க ஊருக்குச் சென்று, தம் இரத்தத்தையே எடுத்து எண்ணிப் பார்த்தார். கீழே இருந்தபோது ஒரு கன மில்லிமீட்டரில் ஏறக்குறைய 50 இலட்சமாக இருந்த செவ்வணுக்கள், சில வாரங்களில் 70 இலட்சத்திற்கும் மேலாகப் பெருகியிருந்தன. இதனை அவர் 1890-இல் வெளியிட்டார். செவ்வணுவே பிராணவாயுவைச் சுமந்து செல்லும் கூலி. காற்றில் சரக்குக் குறையவே, உடல் தானாகவே கூலிகளின் தொகையைப் பெருக்கிக்கொண்டது!

இதனைச் செய்விப்பது சிறுநீரகத்தில் ஊறும் ஒரு பொருள் என்பதும், அதன் பெயர் எரித்ரோபொயட்டின் என்பதும் பின்னர்த் தெளிவாயின. உடலின் உயிரணுக்கள் பிராணவாயுவின் குறைவை எவ்வாறு உணர்கின்றன என்று கண்டறிந்த மூவருக்கு 2019-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஈண்டு வாசகர் ஒன்றைக் கருதவேண்டும். பெரு நாட்டு மலையில் செவ்வணு பெருகியது மலைக்குடியிற் பிறந்த ஒருவருக்கன்று; பிரெஞ்சு நாட்டிலிருந்து அங்குச் சென்ற ஒருவருக்கு. இரத்தம் மாறாதது, குலத்தோடு ஒட்டியது என்பார் கூற்று என்னாயிற்று? சில வாரங்கள் இருக்குமிடத்தை மாற்றினால் இரத்தமே மாறுகிறது!

வெறுங்காலும் ஒரு பேரரசும்

எத்தியோப்பியாவின் தலைநகராகிய அடிஸ் அபாபா, கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குப் பேரரசரின் காவற்படையில் பணிபுரிந்தவர் அபேபி பிகிலா. அவரைப் பழக்கியவர் ஒன்னி நிஸ்கானன் என்னும் சுவீடன் நாட்டார். நெடுந்தூர ஓட்டத்தோடு, சுவீடனிற் பிறந்த வேகப் பயிற்சியையும் அவர் புகட்டினார். ஒருவர் பிறந்த மண்ணின் உயரமும் மற்றவர் கற்ற முறையும் ஒருங்கு சேர்ந்தன.

1960 செப்டம்பர் 10-ஆம் நாள் மாலை, ரோம் நகரில் பிகிலா வெறுங்காலுடன் ஓடினார். புதிதாக வாங்கிய செருப்பு காலைக் கடித்ததே அதற்குக் காரணம். பாதையில் ஒரு பழங்காலக் கற்றூண் நின்றது. அஃது எத்தியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து, முசோலினியின் படையால் 1937-இல் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. அவ்விடத்தை இருமுறை கடந்து, தீப்பந்தங்களின் ஒளியிலே, பழைய ரோமின் கான்ஸ்டன்டைன் வளைவை அடைந்து, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் அவர் வெற்றி பெற்றார். கறுப்பு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்றவருள் அவரே முதல்வர். 1936 முதல் 1941 வரை தம் நாட்டை அடக்கியாண்டவரின் தலைநகரிலேயே அதனைப் பெற்றார். அக்கற்றூண் 2005-இல் தன் ஊருக்குத் திரும்பியது.

நான்கு ஆண்டு கழித்து, 1964-இல் டோக்கியோவில், குடல்வால் அறுவை நடந்து ஏறக்குறைய ஆறு வாரமே ஆன நிலையில், பிகிலா 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் மீண்டும் வென்றார். ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல் மனிதர் அவரே.

மெக்சிகோவின் பாடம்

1968-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா மெக்சிகோ நகரில் நடந்தது. அந்நகரின் உயரம் 2,240 மீட்டர். காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறையக் கால்பங்கு குறைவு. இதனை முன்னரே அறிந்த நாடுகள் மலைமேற் பயிற்சி நிலையங்களை எழுப்பின. பிரெஞ்சு நாட்டின் பிரெனிஸ் மலையில் 1,850 மீட்டர் உயரத்தில் எழுந்த ஃபோன்ட் ரோமு அவற்றுள் பெயர்பெற்றது.

விழாவில் விளைந்தது என்ன? குறுந்தூர ஓட்டத்துக்கு மெல்லிய காற்று நன்மையே செய்தது. முகத்தில் மோதும் காற்றின் தடை குறைந்தது. மூச்சின் உதவி பெரிதும் வேண்டாத அப்பந்தயங்களில் சாதனைகள் குவிந்தன. நம் நாட்டுத் தமிழராகிய டாக்டர் மணி ஜெகதீசன், 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடியது அங்கேதான். மலேசியச் சாதனையாக அஃது 2017 வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு நிலைத்தது.

நெடுந்தூர ஓட்டத்திலோ நிலைமை நேர்மாறு. 10000 மீட்டரில் உலகச் சாதனை படைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், ஆறாவதாக வந்து எல்லையிலே மூர்ச்சித்து வீழ்ந்தார். 1500 மீட்டர் முதல் மாரத்தான் வரை ஆடவர் ஓட்டங்கள் அனைத்தையும் ஆப்பிரிக்கரே வென்றனர். பிகிலா காலில் ஏற்பட்ட காயத்தால் 17 கிலோமீட்டரளவில் விலக, அவர் தோழர் மாமோ வோல்டே மாரத்தானை வென்றார். அவர் எடுத்த நேரம் 2 மணி 20 நிமிடம் 26 வினாடி. டோக்கியோவில் பிகிலா எடுத்ததைவிட எட்டு நிமிடம் கூடுதல். மலையிற் பிறந்தவரையும் மெல்லிய காற்று தளர்த்தவே செய்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அவருக்கு அடுத்து வந்தவர்கள் ஜப்பானியர் ஒருவரும் நியூசிலாந்தார் ஒருவரும் என்பதையும் மறத்தலாகாது.

புதுச் சட்டை அணிந்த பழம்பொய்

இதற்குப்பின் பிறப்பு வாதிகள் தம் பேச்சை மாற்றிக்கொண்டனர். "கறுப்பருக்கு நெடுந்தூரம் ஓடும் திறமில்லை" என்று அதுவரை கூறியோர், "ஓடுவது அவர்களுக்குப் பிறவிக் குணம், மானைப்போல் இயல்பாக ஓடுகின்றனர்" என்று கூறலாயினர். புகழ்ச்சிபோல் தோன்றும் இச்சொல் பழைய பழிச்சொல்லின் உடன்பிறப்பே. முன்னதில் தோல்விக்குப் பிறப்புக் காரணம். பின்னதில் வெற்றிக்குப் பிறப்புக் காரணம். இரண்டிலும் மனிதனின் உழைப்புக்கு இடமில்லை.

உண்மை யாது? உடலமைப்பில் வேற்றுமை இல்லை என்று யாம் கூறவில்லை. மெலிந்த கால், இலேசான உடல், சிறுவயது முதல் மலைக்காற்றிற் பழகிய நெஞ்சு ஆகியவை உதவவே செய்யும். ஆனால் கென்யரையும் எத்தியோப்பியரையும் வெற்றியாளராக்கும் தனியொரு மரபணுவை ஆராய்ச்சியாளர் கண்டாரில்லை. மேலும், பெரு நாட்டிலும் நேபாளத்திலும் இதனினும் உயர்ந்த மலைகளில் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் கென்யரைப்போல் மாரத்தானில் ஓங்கினாரில்லை. ஆகவே உயரம் மட்டும் போதாது.

பின் வேறென்ன வேண்டும்? கென்யாவில் 2,400 மீட்டர் உயரத்திலுள்ள ஈட்டன் என்னும் சிற்றூருக்கு, 1976-இல் கோம் ஓகானல் என்னும் ஐரிஷ் பாதிரிச் சகோதரர் பூகோளம் கற்பிக்க வந்தார். ஓட்டப் பயிற்சியைப்பற்றி அன்று அவர் ஏதும் அறியார். மாணவர்களைப் பார்த்துப் பார்த்தே கற்று, ஒலிம்பிக் வீரர் பலரை உருவாக்கினார். 800 மீட்டரில் உலகச் சாதனை படைத்த டேவிட் ருடிஷா அவர் மாணவரே. எத்தியோப்பியாவின் பெகோஜி என்னும் ஊரிலும் அவ்வாறே. அங்குச் செந்தாயேஹு எஷெட்டு என்னும் பள்ளி ஆசிரியர் குழந்தைகளை விடியலில் எழுப்பி ஓடப் பழக்கினார். உலகப் புகழ்பெற்ற கெனெனிசா பெக்கெலேயும் திருநேஷ் டிபாபாவும் அவ்வூராரே. ஹைலே கெப்ரசெலாசி சிறுவயதில் நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் ஓடிப் பள்ளிக்குச் சென்றவர். புத்தகங்களை இடுக்கி ஓடிய பழக்கத்தால், உலகச் சாதனை படைத்த காலத்திலும் அவரது இடக்கை சற்று மடங்கியே இருந்தது. வறுமையும், நடந்தே தீரவேண்டிய பள்ளித் தூரமும், கற்பிக்க ஓர் ஆசிரியரும், முன்னே ஓடி வென்றவரின் எடுத்துக்காட்டும் ஒன்றுகூடிய இடத்தில் வீரர் விளைந்தனர்.

எதிர்ச்சான்றும் உண்டு. இங்கிலாந்தில் பிறந்த பௌலா ராட்கிளிஃப் என்னும் பெண்மணி, முற்கூறிய ஃபோன்ட் ரோமு மலையில் வாழ்ந்து பயின்றார். 2003-இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் மாரத்தானை ஓடினார். பெண்களுக்குரிய அச்சாதனையை 2019 வரை, பதினாறு ஆண்டுகள், எந்நாட்டுப் பெண்ணாலும் முறியடிக்க இயலவில்லை. மலை யாருக்கும் பாட்டன் சொத்தன்று.

வாழ்வது மேலே, விரைவது கீழே

உயரத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அங்கே இரத்தம் வலுக்கும். ஆனால் பிராணவாயு குறைவாதலின் கால்கள் முழுவேகத்தில் ஓடமாட்டா. வேகப் பயிற்சி தேய்ந்து போகும். இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது? 1997-இல் அமெரிக்க அறிஞர்களாகிய லெவைனும் ஸ்ட்ரே-குண்டர்சனும் இதற்கு ஒரு சோதனையை வெளியிட்டனர். ஓட்டக்காரர் 39 பேரை மூன்று குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் 2,500 மீட்டர் உயரத்தில் வாழ்ந்து, 1,250 மீட்டருக்கு இறங்கி வந்து ஓடினர். மற்றொரு குழுவினர் உயரத்திலேயே வாழ்ந்து, உயரத்திலேயே ஓடினர். மூன்றாவது குழுவினர் தாழ்ந்த இடத்திலேயே இரண்டையும் செய்தனர். நான்கு வாரம் கழிந்தபின், மேலே வாழ்ந்த இரு குழுவினருக்கும் செவ்வணு பெருகியிருந்தது. ஆனால் 5000 மீட்டர் ஓட்டத்தில் முன்னேறியவர்கள், மேலே வாழ்ந்து கீழே ஓடியவர்கள் மட்டுமே.

நல்ல இரத்தம் பெற்றிருந்தும், அதனைப் பயன்படுத்தும் பயிற்சி இல்லாதவர் முன்னேறவில்லை என்பதே இச்சோதனையின் சாரம். பெருமைக்குரிய இரத்தம் தம்மிடம் இருப்பதாகக் கூறி வாளாவிருப்போர் இதனைச் சிந்திப்பார்களாக.

கப்டகாட் முகாமின் வாரம்

கென்யாவின் கப்டகாட் முகாமில் பயின்றவர் எலியுட் கிப்சோகே. அவரைப் பழக்கிய பாட்ரிக் சாங், 1992 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். அம்முகாமின் வாரம் ஒழுங்காக வகுக்கப்பட்டது. செவ்வாயன்று களத்தில் வேகப் பயிற்சி. வியாழனன்று 30 அல்லது 40 கிலோமீட்டர் நெடுவோட்டம். சனியன்று சுவீடன் தேசத்து வேக விளையாட்டு. ஏனைய நாட்களில் தளர்ந்த ஓட்டம். ஹோல்மரும் கெர்ஷ்லரும் சாட்டோபெக்கும் லிடியார்டும் கண்டவை அனைத்தும் அந்த ஒரு வாரத்திற்குள் அடங்கியிருப்பதைக் காணலாம். அறிவுக்கு நாடுமில்லை, நிறமுமில்லை.

2018-இல் பெர்லினில் அவர் எடுத்த நேரம் 2 மணி 1 நிமிடம் 39 வினாடி. இதன் பொருள் யாதெனில், 400 மீட்டர்ச் சுற்று ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 69 வினாடியில், இடைவிடாது 105 முறைக்கு மேல் ஓடினார் என்பதாம். வாசகர் தம் ஊர் மைதானத்தில் ஒரே ஒரு சுற்றை அவ்வேகத்தில் ஓடிப் பார்ப்பாராக. அதன் பின்னர் அது 'பிறவிக் குணம்' என்று கூற மனம் வராது. 2019-இல் வியன்னாவில், முறையான பந்தயமாகக் கருதப்படாத தனி ஏற்பாட்டில், அவர் 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் அத்தூரத்தைக் கடந்தார். 2023-இல் சிகாகோவில் அவர் நாட்டு இளைஞர் கெல்வின் கிப்டம் 2 மணி 0 நிமிடம் 35 வினாடியில் ஓடிப் புதிய உலகச் சாதனை படைத்தார். 2024 பிப்ரவரியில், 24-ஆம் வயதில், மோட்டார் விபத்தில் மாண்டார்.

கப்டகாட்டைப்பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். முகாமில் வேலைகளை அனைவரும் முறைவைத்துச் செய்தனர். உலகச் சாதனையாளராகிய கிப்சோகேயும் தம் முறை வந்தபோது கழிவறையைக் கழுவினார். கழிவறை கழுவுவதற்கென்று ஒரு குலத்தையே ஒதுக்கிவைத்த நாட்டிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இச்செய்தியைப் படிக்கும்போது நமக்கு வெட்கம் வரவேண்டும்.

பெண்களும் ஒரு பொய்யும்

பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்டோருள் பெண்களும் உளர். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் விழாவில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். ஓடிய ஒன்பது பேரும் முடித்தனர். ஆயினும், ஓடியவர்கள் மூர்ச்சித்து வீழ்ந்ததாகப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதன் பயனாக 1960 வரை அவ்வோட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் எண் அணிந்து ஓடிய காத்ரின் ஸ்விட்சரை, அதிகாரி ஒருவர் சாலையிலேயே பிடித்துத் தள்ள முயன்றார். அப்பெண் ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் 1984-இல்தான் வந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் அதனை 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் வென்றார். ஹெல்சிங்கியில் மாவீரர் சாட்டோபெக் எடுத்ததைவிட இஃது இரண்டு நிமிடம்கூட அதிகமில்லை!

குறுக்கு வழி

உண்மையை மறைத்தலாகாது. செவ்வணுவைப் பெருக்கும் எரித்ரோபொயட்டினை மருந்தாகச் செய்யக் கற்றபின், மலையேறாமலே ஊசியால் இரத்தத்தைப் பெருக்க முயன்றோர் தோன்றினர். 1990-இல் அது விலக்கப்பட்டது. 2000-இல் அதனைக் கண்டறியும் சோதனை வந்தது. 2016 ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தானை வென்ற கென்ய வீராங்கனையும், அடுத்த ஆண்டுச் சோதனையில் இதனால் அகப்பட்டார். பாடுபடாமல் பயன்பெற நினைப்பது மனிதரின் பொதுக்குறை. பிறப்பைக் காட்டிப் பெருமை தேடுவதும், ஊசியைப் போட்டு வெற்றி தேடுவதும் அவ்வகையில் ஒன்றே.

முடிவுரை

அன்பர்களே! தச்சர் மகன், செருப்புத் தொழிலாளி, காவற்படைச் சிப்பாய், பூகோள ஆசிரியர், உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆகிய இவர்களே இவ்வரலாற்றைச் செய்தவர்கள். இவர்களுள் எவரும் பிறந்தபோதே ஓட்டக்காரராய்ப் பிறக்கவில்லை. இடம், முறை, ஆசிரியர், உழைப்பு என்னும் நான்கும் கூடியபோது வென்றனர். இந்நான்கும் மறுக்கப்பட்ட செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் தோற்றனர். அத்தோல்வியைக் காட்டி அவர்கள் குலம் பழிக்கப்பட்டது.

நம் தோட்டத்துப் பிள்ளைகளின் கதையும் இதுவே. விடியலில் பெரட்டுக்குச் செல்லும் தாய், பள்ளிக்குச் சேறு மிதித்து நடக்கும் குழந்தை, விளக்கும் புத்தகமும் இல்லாத வீடு ஆகிய இவற்றை வைத்துக்கொண்டு, "படிப்பு அவர்கள் இரத்தத்தில் இல்லை" என்பது தண்ணீர் கொடாமல் ஓடவிட்டுத் தூரத்தை அளப்பது போன்றது. இரத்தம் சில வாரங்களில் மாறும் என்பதை வியோல் எண்ணிக் காட்டினார். மாறாதிருப்பது, கொடுக்க வேண்டியதைக் கொடாதவர்களின் மனமே. அந்தக் கனவானை மீண்டும் காணும் நாளில், யான் கூற வேண்டியது இதுதான்: "ஐயா, முதலில் மைதானத்தையும் ஆசிரியரையும் கொடுங்கள், பிறகு பிள்ளைகளின் ஓட்டத்தைப் பாருங்கள்."